எந்த வினைச்சொல்

காலை எட்டு இருபது. ஐ.என்.ஏ. மெட்ரோ.
பெண்களுக்கான திரைக்குள்
இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறேன்.
காவலாளியின் உள்ளங்கை ஸ்வெட்டர் மேல் இறங்கி வந்து
இடது விலாவுக்குக் கீழே நின்றுவிட்டது.
"யே க்யா ஹை?"
நலி, என்கிறேன். கானே கி நலி.
அவள் என் வாயைப் பார்க்கிறாள்.
வாயில் லிப்ஸ்டிக் இருக்கிறது.

தோல் இறுகும் நோய் முதலில் விரல்களுக்கு வந்தது.
டிசம்பர் வந்தால் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து,
மோதிரத்தைச் சரோஜினி நகரில் அறுத்துத்தான் எடுத்தோம்.
அப்புறம் நெஞ்சுக்குள் எங்கோ ஒரு கதவு
மழையில் ஊறிய மரம்போல் சிக்கிக்கொண்டது.
விழுங்கிய சோறு அங்கேயே குடியிருந்தது.
முப்பத்தைந்து கிலோவுக்கு நான் இறங்கியபோது
நல்ல நேரம் பார்க்காமல்
வயிற்றிலேயே நேராக வாசக்கால் வைத்தார் டாக்டர்.

ஓசூரிலிருந்து அக்கா தினமும் கேட்கிறாள்:
சாப்பிட்டியா?
ஒரு வினைச்சொல் தேடுகிறேன்.
உண்டேன் என்றால் நாக்கு சிரிக்கிறது.
தின்னவில்லை, பல்லுக்கு வேலையே இல்லை.
குடிக்கவில்லை. பருகவில்லை.
ஊற்றிக்கொண்டேன் என்றால்
அத்தான் காதில் வேறு மாதிரி விழும்.
ஆச்சு, என்கிறேன்.
எது ஆச்சு என்று அவளும் கேட்பதில்லை.

பதினொன்றரைக்குப் பழைய கோப்புகள் அறை.
இந்த விரல்களுக்குத் தாழ்ப்பாள் போடவே ஒரு நிமிடம்.
வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி,
தண்டை உருவிய ஐம்பது மில்லி சிரிஞ்சு.
கையை உயர்த்தினால் ஓடும், தாழ்த்தினால் தயங்கும்.
என் பசியின் வேகம் தோள்பட்டையில் இருக்கிறது.
ருசி இல்லை. வெதுவெதுப்பு மட்டும் உள்ளே தெரியும்,
பக்கத்து அறையில் யாரோ விளக்கைப் போட்டதுபோல்.
கடைசியில் முப்பது மில்லி வெந்நீர்:
குழாய்க்கும் வாய் கொப்பளிக்க வேண்டும்.
ஒருநாள் சோம்பலில் விட்டேன்.
பொடித்த மாத்திரை கல்லாகி அடைத்து
ஞாயிறு முழுக்க வெந்நீரும் கெஞ்சலுமாய்ப் போனது.

ஞானசேகர் வீட்டில் தாளிப்பதை நிறுத்திவிட்டார்.
கடுகு வெடித்தால் எனக்கு வலிக்குமென்று நினைப்பு.
பஸ் ஸ்டாப்பில் சோளே குல்சே தின்று,
வாய் கழுவி, சோம்பு மென்று,
ஒன்றுமே நடக்காதவர்போல் படியேறுவார்.
கள்ளத்தொடர்பைப் பிடிப்பதுபோல் பிடித்தேன்.
மீசையில் வெங்காயம்.
பத்தொன்பது வருடத்தில் கத்தாத கத்து கத்தினேன்:
மூக்கை யாரும் தைக்கவில்லை.
இங்கேயே தாளி. பெருங்காயம் போடு.
என் எதிரில் உட்கார்ந்து சத்தம் வர மெல்லு.

அழுதுகொண்டே அப்பளம் பொரித்தார் மனுஷன்.
ஒன்றின் நுனியை நாக்கில் வைத்தேன்.
உப்பு கரைந்தது. மிச்சத்தைத் துப்பினேன்.
கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டியது,
அதற்கப்பால்தான் வழி இல்லை.
இன்னொன்று கேட்டேன்.

பிப்ரவரி ஆகிவிட்டது. அதே திரை.
காவலாளியின் பெயர்ப்பட்டையில் விம்லேஷ்.
விலாவருகே வந்ததும் இப்போது அவள் கை
ஒரு வளைவு வளைந்து போகிறது,
நடுரோட்டில் படுத்திருக்கும் நாயை
ஆட்டோ சுற்றிப் போவதுபோல.

இன்று எக்ஸ்ரே திரையில் சிரிஞ்சைக் கண்டு
புதுப் பையன் ஒருவன் என் பையைப் பிடித்துக்கொண்டான்.
டாக்டர் சீட்டு வேறு கோட்டில் இருந்தது.
பின்னால் வரிசை முனகியது.
விம்லேஷ் திரைக்குள்ளிருந்தே கத்தினாள்:
"ஜானே தே பாய், டிஃபன் ஹை உன்கா."

நகரும் படியில் ஏறும்போது போன் அடித்தது.
சாப்பிட்டியா?

இன்னும் இல்லக்கா.
பையில இருக்கு.