மறை

கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார் பூபாலன் ரெட்டி:
பக்கி வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாம் துப்பாக்கி.

விழுந்த இரும்புக்கு ஒரு பக்கம்தான் காயம்.
இதற்குச் சுற்றிலும்.
முனையில் முதல் மூன்று சுற்று சரிந்து
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.
பைப் ரெஞ்சின் பல்தடம் வேறு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டாங்கரில் லேத் பட்டறை வைத்திருப்பவள்
வருகிறவர் பொய்யையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தால்
கரும்பாலைப் பம்புகளை யார் திருத்துவது?

லைசென்ஸைப் பார்த்தேன். போல்ட்டைக் கழற்றி
உள்ளே குண்டில்லை என்று இரண்டு தடவை பார்த்தேன்.

எங்கள் தொழிலில் இதற்கு மறை என்று பேர்.
என்னோடு வேலை செய்யும் தேவன் புரி என்பான்.
ஒரே பள்ளம். ஒருவர் வாயில் ஒளிக்கச் சொல்கிறது,
இன்னொருவர் வாயில் விளங்கச் சொல்கிறது.

குழலை மாட்டியதும் வெளிவட்டத்தை மறந்துவிடவேண்டும்.
அது பளபளவென்று பொய் சொல்லும்.
துளைக்குள் முள்ளை விட்டு
டயலின் நடுக்கம் நிற்கும்வரை
நான்கு தாடையையும் மாற்றி மாற்றி இறுக்கினேன்.
கெட்ட முனையை ஒரு விரற்கடை அறுத்தெடுத்த நிமிடம்
கரண்ட் போனது.
ஆறு மணி. எட்டரைக்குத்தான் வரும், அட்டவணைப்படி.

இருட்டில் சூடான இரும்பின் வாசனை.
தெருவில் எவனோ ஜெனரேட்டர் கயிற்றை
இழுத்து இழுத்துத் திட்டினான்.
அப்போதுதான் பேசினார்,
என்னிடமில்லை, லேத்திடம்:

"சைலன்சர் என்னோடதில்ல.
தம்பி தனபாலனோடது.
ஏழு வருசமாப் பேச்சு கெடையாது.
காட்டுப்பன்னி வந்து கரும்ப நாசம் பண்ணுது.
சுட்டா சத்தத்துல அவன் மாடு மிரளும்,
போலீசுக்குப் போவான்.
அதான் அவன் ஷெட்லேர்ந்தே எடுத்தேன்."

இருட்டாயிருந்ததால் சிரித்தேன்.

இவருடையது அங்குலக் கணக்கு. தம்பியுடையது மில்லி, பதினாலு.
கால் மில்லிதான் வித்தியாசம்.
முதல் சுற்று ஏறும், நம்பவைக்கும்.
இரண்டாவதில் கடிக்கும்.
அதற்குமேல் ஏறியதெல்லாம் ரெஞ்சின் கோபம்.

விளக்கு வந்ததும் கேட்டேன்:
பழைய அளவிலேயே போடவா?
கரும்பு லாரி ஒன்று சன்னலை அதிரவைத்துப் போனது.
இன்னொன்றும் போனது.
"பதினாலுலயே போடு."

போட்டேன். பன்னிரண்டு ஓட்டம்,
கடைசி மூன்றும் வெறும் தடவல்.
வாய் விளிம்பைச் சீவிப் பிசிறெடுத்தேன்.
சோளமாவுச் சாக்கிலிருந்து சைலன்சர் வெளியே வந்தது;
அதன் கடிபட்ட புரியையும் சரிசெய்தேன்.
இரண்டு விரலால் சுற்றினேன். ஏறி உட்கார்ந்தது.
எண்ணூற்றைம்பது ராண்ட்.
ஐந்நூறு கொடுத்தார். மீதிக்கு வெண்ணெய்ப்பழம்.

அறுத்த துண்டு என் மேசைமேல் இருக்கிறது,
பில்கள் பறக்காமலிருக்க.

போன புதன்கிழமை கூடை வந்தது.
இறக்கியவன் பேர் சொல்லவில்லை. அதே மூக்கு.
கூடையை வைத்தும் போகாமல்,
துண்டை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்,
அண்ணன் துப்பாக்கிக்கு என்ன ஆச்சாம்?

பக்கியிலிருந்து விழுந்துவிட்டதாம், என்றேன்.