எலா உந்தி

திருத்தணியிலிருந்து புத்தூர் வரைக்கும்
எத்தனை கழிப்பறை, எதற்குத் தாழ்ப்பாள் இல்லை,
எங்கே வாளி இருந்தும் தண்ணீர் இருக்காது
என்பது எனக்கு மனப்பாடம்.
பதினோரு வருஷம் கண்டக்டர்.
அதில் ஆறு வருஷம் ரத்தமாகப் போனது.

வேலூரில் பெருங்குடலை மொத்தமாக எடுத்தார்கள்.
சிறுகுடலின் கடைசி முழத்தை மடித்துத் தைத்து
உள்ளேயே ஒரு பை செய்து வைத்தார்கள்.
தோளில் தோல்பை, இடுப்புக்குள் குடல்பை,
இரண்டிலும் சில்லறை தங்காது என்றான் டிரைவர் சிட்டிபாபு.
சிரித்தேன். தையல் இழுத்தது.

இரண்டு வருஷம் நன்றாக இருந்தேன்.
ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி வடைகூடத் தின்றேன்.
போன மாங்காய் சீசனில்
பை புண்ணாகி வீங்கியது.
பகலில் பதிமூன்று தடவை, ராத்திரியில் ஏழு.
மாத்திரையால் நாக்கு பித்தளையானது.
அது கேட்கவில்லை. அடுத்ததும் கேட்கவில்லை.
பிறகு ஸ்டீராய்டு. முகம் மட்டும் செழித்தது.
"உடம்பு தேறிட்டீங்களே" என்றார்கள்
முன் சீட்டு டீச்சர்கள்.
அன்றைக்கு எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.

சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்ததில்
வைரஸாம். புதிதாக வந்ததில்லையாம்.
சின்ன வயசிலேயே ஏறி
கடைசி சீட்டில் துண்டைப் போர்த்திப் படுத்திருக்கிறது.
நிறையப் பேர் உடம்பில் இருக்குமாம்,
எழுந்திருக்காதாம்.
புண் ஆற்ற வந்த மருந்து காவலையும் தூங்க வைக்க,
இது விழித்துக்கொண்டது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுகிறவன் நான்.
இந்த ஒருத்தனுக்கு டிக்கெட் கிழிக்கவில்லை.

காட்டுங்கள் என்றேன்.
கம்ப்யூட்டரில் ஊதா நிறத்தில் செல்கள்.
சிலது மட்டும் பெருத்து,
நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிச்ச வளையம்.
ஆந்தைக்கண் என்பார்களாம்.
எங்கள் வேப்பமரத்தில் ஆந்தை உட்கார்ந்தாலே
விளக்குமாறோடு ஓடுகிறவள் தேசம்மா.
வைரஸ் என்று சொன்னேன் அவளிடம்.
கண்ணைச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் நரம்பில் மருந்து, காலையும் மாலையும்.
டாக்டர் ஹைமாவதி சித்தூர்க்காரர்.
தினமும் வந்து கேட்பார்: "எலா உந்தி?"
எப்படி இருக்கிறது என்கிறார், தெலுங்கில்.
என் தமிழ்க் காதுக்கு உந்தி என்றால் வயிறு.
இரண்டும் ஒரே கேள்விதான் எனக்கு.
பதில்தான் எந்த மொழியிலும் வரவில்லை.
ஒன்பதாம் நாள் விரல்களைக் காட்டினேன். எட்டு.
"எட்டா? மஞ்சிதி!"
பரீட்சையில் எட்டு வாங்கினதற்கு
அப்பா பெல்ட்டைக் கழற்றியது ஞாபகம் வந்தது.

போன திங்கள் மறுபடி வண்டி ஏறினேன்.
நகரி மூக்கு மலை தெரிகிற வளைவில்
நான் விசில் அடிக்கவில்லை,
சிட்டிபாபுவே பெட்ரோல் பங்க் ஓரமாக ஒதுக்கினான்.
இன்ஜின் சூடு என்றான் ஜனங்களிடம்,
இரண்டு மொழியிலும்.
இன்ஜினுக்கு ஒன்றுமில்லை.
எனக்கும் அப்போது ஒன்றுமில்லை.
இருந்தாலும் இறங்கிப் போனேன்.
கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்டியிருந்தார்கள்.
போட்டு, திறந்து,
இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.