மதகு மூலை

எஸ்தாக்கு அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது
ஹேண்டில் வலப்பக்கம் கோணியிருந்தது,
சீட்டில் காய்ந்த களி,
அவன் முழங்கையில் காயாத ரத்தம்.
பின்னால் இரண்டு மூட்டைத் தீவனத்தோடு
மூன்றாம் குளத்து மதகு ஏறும்போது
முன்சக்கரம் தூக்கிக் கவிழ்ந்ததாம்.
"இறாலுக்கு இன்னிக்கு விருந்துக்கா" என்றான்.

பந்தய வண்டி அது. கோயம்புத்தூரில் யாரோ
மேடு தாண்ட வாங்கி, அலுத்து, விற்றது.
குதிக்கப் பிறந்ததை
முத்துப்பேட்டையில் சுமக்கச் சொல்கிறோம்.

பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே அச்சு.
அச்சைப் பிடித்திருப்பது ஒரே ஸ்விங் ஆர்ம்.
பிவட் நடுவிலிருந்து அச்சு நடுவரை
நானூற்று இருபது மில்லி.
மூட்டை கட்டுவதோ அச்சுக்கும் பின்னால்.
மூக்கைத் தூக்காமல் என்ன செய்யும்?

"அகலமாக்கினா சாயாதாமே" என்றார்
பண்ணைக்கார காஜா முகைதீன்.
சாயாது பாய்.
உங்கள் கரை அஞ்சடி,
ஐப்பசி அடித்தபின் நாலே முக்கால்,
வண்டி இப்போதே நாலடி.
மிச்சத்தில் நண்டும் போகவேண்டும்.
தணித்து வைத்தால்
சேறு வயிற்றைப் பிடிக்கும்.
கையில் மிஞ்சியது நீளம்தான்.

பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால்
மதகு மூலையை அதே அளவில் வரைந்தேன்.
நானூற்று எண்பதுக்கு மூங்கில் சட்டம் வெட்டிப் பூட்டி
எஞ்சினில்லா ஃபிரேமை உருட்டினோம்.
ஏற்றத்துக்கு அது சரி,
மலைப்பாம்பு மாதிரி நிதானம்.
திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம்
கோட்டைத் தாண்டிக் குளத்தில் இறங்கியது.
"ரிவர்ஸ் எடுத்துக்கிறேன்" என்றான்.
இதுக்கு ரிவர்ஸ் இல்லடா.

நானூற்று ஐம்பது.
சக்கரம் கோட்டை மிதித்தது, தாண்டவில்லை.

ஆனால் நீளம் இலவசமாக வராது.
ஷாக்கின் கீழ்க்காது பழைய இடத்திலேயே,
இருநூற்றுப் பத்தில் நின்றால்
சக்கரத்துக்கு நெம்புகோல் நீண்டுவிடும்;
அதே ஸ்பிரிங், அதே கம்பி,
ஆனால் பலம் இளைத்துப்போகும்.
கை பாதியில் காது இருந்தது, பாதியிலேயே இருக்கட்டும்:
இருநூற்று இருபத்தைந்து.

சந்தேகம் என் தொழில்.
பத்து மில்லிப் பட்டையில் மூன்று துளை போட்டேன்,
பத்து, இருபத்தைந்து, நாற்பது.
செயினில் கண்ணிகள் சேர்த்தேன்.
மூட்டையை ஏற்றி, எஸ்தாக்கையும் ஏற்றி
எவ்வளவு அமுங்குகிறது என்று டேப் பிடித்தேன்.
ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு.
நடுத்துளையில் போல்ட்டை இறுக்கி
பெயிண்டில் ஒரு கோடும் இழுத்துவிட்டேன்,
கோடு நகர்ந்தால் தெரிந்துவிடும் என்று.

பதினெட்டு நாள் கழித்து
கோரையாற்றுப் பாலத்தருகே டீக்கடையில் வண்டி நின்றது.
குனிந்தேன். கோடு உடைந்திருந்தது.
போல்ட் முதல் துளையில்,
நான் வேண்டாம் என்றிருந்த மெத்தென்ற துளையில்.

"யார்றா மாத்துனது?"
"நான்தான்க்கா."
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
"போகையில அம்பது கிலோ. சரி.
வரையில வெறும் சாக்கு.
ராத்திரி பத்து மணி, ஏரேட்டர் வெளிச்சம் மட்டும்.
நீங்க வச்ச துளையில
வரும்போது பின்னாடி துள்ளிக்கிட்டே வருது.
கரை ரெண்டு பக்கமும் தண்ணி.
போகையில மெதுவா போயிக்கிறேன்."

மதகு ஏற்றத்தை அளந்தேன்,
திருப்பத்தை, மூட்டையை, அவன் எடையைக்கூட.
நாளைக்கு நாலு நடை,
அதில் பாதி தூரம் அவன் காலியாக வருகிறான்.
அதை நான் கேட்கவே இல்லை.

பெயிண்ட் டப்பா வண்டியில் இருந்தது.
புதுக்கோடு இழுக்கவில்லை.
ஸ்பேனரை மட்டும் அவன் சீட்டுக்கடியில் வைத்தேன்,
பதினேழாம் நம்பர்.
டீக்கு அவன் காசு கொடுத்தான்.