முதல் வாசகர்

தணிக்கை அதிகாரி அவர்களுக்கு,
இந்தக் கடிதம் யெஃப்ரெமுக்கு.
ஆனாலும் உறையைப் பிரிப்பது நீங்கள்.
இரண்டு வருடமாக
என் முதல் வாசகர் நீங்கள்.

யெஃப்ரெம் ஷூபினை நான் பார்த்ததில்லை.
கீரோவ் நகரில் நான்காம் எண் டிராலிபஸ் ஓட்டினார்.
ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை,
டயர் தொழிற்சாலை தாண்டியதும்
ஒலிபெருக்கியில், தினமும் பேசும் அதே தூக்கக் குரலில்
சொன்னாராம்:
"அடுத்த நிறுத்தம், போர் நிறுத்தம்.
இறங்குகிறவர்கள் முன்னால் வரவும்."

வண்டியில் பதினேழு பேர்.
ஒருவர் சிரித்தார்.
ஒருவர் கைபேசியில் பதிவுசெய்தார்.
ஆறு வருடம்.

சிரித்தது நான்தான் என்று சொல்ல ஆசை.
அன்று நான் நடந்து போனேன்.
அல்லது வேலைக்கே போகவில்லை.
நினைவில்லை,
எனக்கு அது வெறும் திங்கட்கிழமை.

வியாழன் மாலைகளில் தைசியாவின் சமையலறையில்
ஐந்து பேர் கூடி
முகம் தெரியாத கைதிகளுக்குக் கடிதம் எழுதுகிறோம்.
இந்த வரியை அடிப்பீர்கள்.
சரி, இரண்டு பேர்.
அதையும் அடிப்பீர்கள்.
சரி: வியாழன் மாலை. கெட்டில் கொதிக்கிறது.

எதை எழுதலாம் என்று
உங்கள் கறுப்பு மையிடம்தான் கற்றுக்கொண்டேன்.
பூனை, எழுதலாம்.
பனி, எழுதலாம்.
சதுரங்கத்தில் குதிரையை நகர்த்தினேன்,
கட்டத்தோடு சேர்த்துக் குதிரையையும் காணோம்.
'போர்' என்ற சொல்லை நான் எழுதியதே இல்லை;
'போர்வை' என்று எழுதும்போதுகூட
பேனா ஒரு கணம் நின்று
பக்கத்தில் யார் என்று பார்க்கிறது.

கீழ்வீட்டு கிளஃபீராவின் மகனைத்
துத்தநாகப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.
மூடியைத் திறக்க விடவில்லை.
நான் எழுதியது இவ்வளவுதான்:
"கீழ்வீட்டில் இப்போது டிரம் சத்தம் இல்லை.
நன்றாகத் தூங்க முடிகிறது.
தூங்கவில்லை."
மூன்று வரியையும் விட்டுவிட்டீர்கள்.
புரியாமல் விட்டீர்களா
என்று முதலில் நினைத்தேன்.

பிறகு நவம்பரில் யெஃப்ரெமின் பதில் வந்தது.
"லூக்கேரியா, உங்கள் புருஸ்னிக்கா ஜாம் செய்முறையில்
ஒரு கிலோ சர்க்கரை என்பதை அடித்து
யாரோ பென்சிலால்
எழுநூறு கிராம் என்று எழுதியிருக்கிறார்கள்.
இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறோம்."

எழுநூறு கிராமில் செய்து பார்த்தேன்.
நீங்கள் சொன்னது சரி.
பழத்தின் கசப்பு
கடைசியில் கொஞ்சம் நாக்கில் நிற்கிறது.
நிற்கத்தான் வேண்டும்.

இதை உங்களுக்குச் சொல்ல வழியில்லை.
ஏனென்றால் ஜனவரியிலிருந்து
யெஃப்ரெமின் கடிதங்களில் கறுப்புக் கோடுகள்
அளவுகோல் வைத்துப் போடப்பட்டவை.
உங்கள் கோடு அப்படி இருக்காது.
வரி முடியும் இடத்தில் சற்றே மேலே தூக்கும்,
கை வலிக்கிறவர் போட்ட கோடு போல.

எங்கே போனீர்கள்?
ஓய்வா, இடமாற்றமா,
முன்னணிக்கு அனுப்பிவிட்டார்களா,
அல்லது பென்சில் திருத்தத்துக்கும்
ஏதோ ஒரு சட்டப்பிரிவு இருக்கிறதா?
தைசியாவிடம் ஒரு பட்டியல் இருக்கிறது:
பெயர், பிறந்த வருடம், சிறையின் அஞ்சல் எண்.
அதில் உங்களைத் தேடினேன்.
உங்கள் பெயர் தெரியாமல்
எப்படித் தேடுவது?
பென்சில் என்று ஒரு பெயர் இல்லை.
கோபமும் உண்டு. மறைக்கவில்லை.
ஓராண்டு முழுக்க
யெஃப்ரெமின் மகள் எழுதியதில் பாதியைத் தின்றது
அதே கைதான்.

அளவுகோல் வைத்திருக்கும் புதியவரே,
முறைப்படி இப்போது
என் முதல் வாசகர் நீங்கள்.
மேலே உள்ள அனைத்தையும் அடித்துக்கொள்ளுங்கள்.
சர்க்கரை அளவை மட்டும் விட்டுவிடுங்கள்,
யெஃப்ரெம் வெளியே வந்ததும் செய்யப்போகிறாராம்.

யெஃப்ரெம்,
இங்கே மைனஸ் பதினொன்று.
நான்காம் எண் வண்டியில் இப்போது
நிறுத்தங்களை இயந்திரக் குரல் சொல்கிறது.
டயர் தொழிற்சாலை தாண்டியதும்
யாரும் எதுவும் பேசுவதில்லை.
எல்லோரும் ஒலிபெருக்கியைப் பார்க்கிறார்கள்.
பூனை நலம்.