ஆறாவது போல்ட்

எட்டு போல்ட்டில் ஏழு
முனகிக்கொண்டுதான் இளகின.
ஆறாவது விரலுக்கே வந்துவிட்டது.
கூடவே பிளாக்கின் மரையும் வந்தது,
நெளிந்த அலுமினியச் சுருளாக.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு,
மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்.
வெளியே பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்
கூழ் ஃபேக்டரிக்கு வரிசை கட்டியிருக்கின்றன.
உள்ளே சாக்கம்மாவின் ஆம்னி,
முன் சீட்டைத் தூக்கிய பள்ளத்தில்
ஹெட் இல்லாத இன்ஜினோடு.
காவேரிப்பட்டினத்திலிருந்து பதினொரு பெண்களை
ஷிஃப்டுக்கு அள்ளி வரும் வண்டி.
தண்ணியைக் குடிச்சிட்டு
குடிக்கவே இல்லைன்னு சாதிக்குது பாய்
என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எந்த மரை கழன்ற பயல் இதை முறுக்கினான்
என்று ஆரம்பித்தேன்.
ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்திருப்பான்.
டார்க் ரெஞ்சைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான்.
இவனையெல்லாம் சைக்கிள் கடையில்
பஞ்சர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட விடக்கூடாது.
தமிழில் பாதி, உருதுவில் பாதி.
சாக்கம்மா கவிழ்த்த ஆயில் டின்மேல் உட்கார்ந்து
வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

போல்ட்டைத் துடைத்தேன்.
மரைக்குள் ஒரு செம்புக் கம்பி.
லைட் வயரிலிருந்து உருவிய ஒற்றை இழை,
பிடிப்புக்காகச் சுற்றியது.
அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான்,
எவனும் ஒப்புக்கொள்ளமாட்டான்.
கம்பியின் நுனி
இடப்பக்கமாக முறுக்கியிருந்தது.

இந்த ரோட்டில் இடக்கை மெக்கானிக்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

போன சீசன். விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
பதினொரு பேரும் ரோட்டில் நிற்கிறார்கள் என்று
அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
இப்போதைக்கு ஓடட்டும் என்றேன்.
அந்தப் பைப்கூட இதோ,
ஷட்டருக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

"திட்டி முடிச்சாச்சா பாய்?"
கடலைத் தோலை ஊதினாள் சாக்கம்மா.

சிலிண்டர் மூன்றுக்கும்
கிரீஸ் தடவிய துணியை அடைத்தேன்.
மரையை மீட்க
முதலில் துளையைப் பெரிதாக்க வேண்டும்,
மிச்சமிருக்கிற கொஞ்ச மரையையும்
தின்னக் கொடுக்க வேண்டும்.
அந்த இடத்தில் எனக்கு எப்போதும் கை தயங்கும்.

டேப்பை மண்ணெண்ணெயில் நனைத்து
அரைச் சுற்று முன்னே,
கால் சுற்று பின்னே.
சீவல் உடைகிற சத்தம்
உள்ளங்கைக்கு மட்டும் கேட்கும்.
அவசரப்பட்டால் டேப் உள்ளேயே முறியும்.
அதை எடுக்க அப்புறம்
பர்கூர்ப் பக்கம் கிரானைட் குடைகிறவனைத்தான்
கூப்பிட வேண்டும்.

காற்றடித்து, ஊதி, மறுபடி காற்றடித்து
ஹெலிகாயிலைச் சுற்றி இறக்கினேன்,
மேல்மட்டத்துக்குக் கால் சுற்று கீழே.
அடியில் அதற்கு ஒரு குட்டி வால் உண்டு.
ஒரே தட்டு. உடைந்தது.
கிரீஸ் தொட்ட ஸ்க்ரூடிரைவரை விட்டு எடுத்தேன்.
நுனியைப் பெருவிரலால் வழித்துப் பார்த்தேன்.

வாலைக் காணோம்.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.
ஸ்டெயின்லெஸ், காந்தத்துக்கு மசியாது.
சிலிண்டருக்குள் போயிருந்தால்
பிஸ்டன் சுவரை ஒரே நாளில் கோடு கோடாய்க் கிழித்துவிடும்.
டார்ச் அடித்தேன். துணியை விரித்துத் தடவினேன்.
துளைக்குள் இல்லை, தண்ணீர்ப் பாதையில் இல்லை,
தரையில் இல்லை.
முதுகில் வேர்வை இறங்கியது.
சாக்கம்மா கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு
பக்கத்தில் வந்து குனிந்தாள்.
"கையைக் காட்டுங்க."
இடக்கைப் பெருவிரல்.
கருப்பு கிரீஸுக்குள் மினுக்கென்று
ஒட்டிக்கொண்டிருந்தது.

புது கேஸ்கெட், புது போல்ட்.
நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக.
கடைசித் தவணையில் ஆறாவதுக்கு வந்தபோது
அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.
ரெஞ்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.
கிளிக்.

கேஸ்கெட் காசு மட்டும் போதும் என்றேன்.
சரி என்றாள், பேரம் பேசாமல்.
சாவியை எடுத்துக்கொண்டவள்
அந்தச் செம்புக் கம்பியையும் கேட்டு வாங்கி
முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.
எதற்கு என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.