முப்பது மூட்டைச் சர்க்கரை

வின்னமக்கா மளிகைக் கடையில்
மூன்று தள்ளுவண்டிகள் நிறைந்துவிட்டன.
"இத்தனையும் ஜாமுக்கா?" என்றாள் டார்லீன்.
"மண்ணுக்கு" என்றேன்.
சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள்,
என் முகம் பார்க்காமல்.

போன ஆகஸ்டில் எரிந்த சரிவு.
சேஜ் புதர்களின் கரித்தண்டுகள்
வரிசையில்லாமல் நிற்கின்றன.
சாம்பலுக்கடியில் நைட்ரஜன்
பூட்டாத பெட்டிப் பணம் போலக் கிடந்தது.
மோப்பம் பிடித்து வந்தது சீட்கிராஸ்,
பெயரிலேயே ஏமாற்று வைத்திருக்கும் புல்.
பந்திக்கு முந்த
அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
அக்டோபரில் முளைத்து
பனிக்கடியில் வேரோட்டி
மற்றவை கண்விழிக்கும் ஏப்ரலில்
சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு எழுந்துவிடும்.
ஜூனில் காய்ந்து
அடுத்த தீக்குத் திரியாகும்.

நூல் கட்டிப் பன்னிரண்டு கட்டம் பிரித்தோம்.
ஆறில் தூவினோம்,
ஆறைச் சும்மா விட்டோம்.
கையுறைக்குள் பிசுபிசுப்பு.
காற்று திரும்பியபோதெல்லாம்
உதட்டில் தித்திப்பு.

அன்றிரவு சிறு தூறல்.
மண்ணுக்குள் கோடி வாய்கள் திறந்திருக்கும்.
ஆனால்
இனிப்பை மட்டும் தின்று உடம்பு வளர்க்க
எந்த உயிராலும் ஆகாது.
கிடந்த நைட்ரஜனையெல்லாம்
துழாவித் துழாவி எடுத்து
தம் மேனிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டன
நுண்ணுயிர்கள்.
புல் வந்து பார்த்தபோது
பெட்டி காலி.

ஏப்ரலில், புதைத்த பிசின் பைகளைத் தோண்டினோம்.
சும்மா விட்ட கட்டத்தில் முழங்கால் உயரப் புல்.
சர்க்கரைக் கட்டத்தில்
கணுக்கால்கூட எட்டாமல்,
சிவந்து, சோகை பிடித்து.

வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி
இறங்கி வந்தார் இகோன் உர்ருட்டியா.
தீயில் நாற்பது பசுக்களை இழந்தவர்.
"எத்தனை ஏக்கர் செய்திருக்கிறாய்?"
ஒரு சமையலறை அகலத்தைக் காட்டினேன்.
அவர் கை அடிவானம் வரை போய்,
சுற்றி,
மெல்லத் திரும்பிச் சட்டைப்பைக்குள் நுழைந்தது.
பிறகு காலி மூட்டையைப் புரட்டிப் படித்தார்.
"இடஹோ பீட்ரூட் சர்க்கரை.
என் மச்சான் அங்கேதான் பீட்ரூட் போடுகிறான்.
யூரியாவை
மூட்டை மூட்டையாகக் கொட்டுவான்."
நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

தெரியும்.
இது கைமாற்றுதான்.
சர்க்கரை தீர்ந்தால் அந்த வாய்கள் மூடும்,
மேனிகள் சிதையும்,
வாங்கியதை மண் திரும்பக் கேட்கும்.
அடுத்த வசந்தத்தில் புல் மறுபடி
இலை போடச் சொல்லி உட்காரும்.

ஆனாலும் ஏழாம் கட்டத்தில்,
மெலிந்த புல்லின் நிழல் விழாத இடத்தில்,
என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாய்
சாம்பல் பச்சையில் மூன்று சேஜ் கன்றுகள்.
அரை வயிற்றில் வளரத் தெரிந்த சாதி.
இகோன் குனிந்து பார்த்தார்.
கிள்ளி முகர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.
காலை அகட்டி வைத்துத்
தாண்டிப் போனார்.

அடுத்த மூட்டைகளுக்குப் பணம் கேட்டு எழுதியிருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.
வண்டியின் பின்தட்டில்
சிந்திய சர்க்கரையை
எறும்புகள் வடக்கே சுமந்துகொண்டிருக்கின்றன.