தண்ணி வந்துட்டா

பெருமாள்புரம், நான்காவது தெரு.
மூன்று வருஷமாக அவருக்கும் எனக்கும் நடுவே
ஒரு காம்பவுண்டுச் சுவர்,
ஒரு கேள்வி.

"தண்ணி வந்துட்டா டீச்சர்?"
"இன்னும் இல்ல அண்ணாச்சி."

நான் டீச்சர் இல்லை.
மின்வாரியத்தில் கணக்கு எழுதுகிறேன்.
முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்;
அப்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.
பிறகு சொன்னால்
கூசிப்போவார் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்.
வராத நாளிலும் கேட்பார்.
குறுக்குத்துறைக் கோயிலை முக்கிக்கொண்டு
ஆறு போன மார்கழியில்,
முழங்காலளவு தெருவில்
வேட்டியை மடித்துக் கட்டி நின்றும் கேட்டார்.
அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் சிரித்தோம்.

நேற்று ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
வீட்டில் யாருக்கும் சொல்லாமல்
ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றிருந்தேன்.
"ஞானதிரவியம்! ஞானதிரவியம் யாரு?"
நர்ஸ் மூன்றாம் தடவை கூப்பிட்டபோது
கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தது
அண்ணாச்சி.

கையில், என்னுடையதைப் போலவே
பெரிய பழுப்பு உறை.
என்னைப் பார்த்தார். என் உறையைப் பார்த்தார்.
என்ன ஏது என்று
கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது.

"தண்ணி வந்துட்டா டீச்சர்?"

"வந்துட்டு அண்ணாச்சி.
ஒங்க வாசல்ல கெடந்த ரெண்டு கொடத்தையும்
பிடிச்சு வச்சிட்டுதான் வாரேன்."

"அப்பஞ் சரி" என்றார்.
கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்,
செருப்பை
என் பக்கத்தில் கழற்றிவிட்டு.